ஆண்பிள்ளை ஆடினால்...

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக் கூடத்தில் எகிப்து தேசமே வந்து இறங்கிவிட்டது. பெங்களூரில் உத்தியோகம் பார்க்கும் என் தம்பி மகன் இரண்டு நாள் லீவில் வந்திருந்தான். "அத்தை, உனக்கு ஒரு பழைய படம் காட்டுகிறேன்" என்று டெலிவிஷனில் எதையோ முடுக்கினான். 1967-ல் வெளிவந்த எகிப்தியப் படம். 'கர்னக்கில் காதல்' என்று அதன் பெயருக்கு அர்த்தமாம். கதை என்று பிரமாதமாக ஒன்றும் இல்லை. ஒரு நடனக் கோஷ்டி நைல் நதிக்கரையில் உள்ள லக்ஸர் நகரத்துக்குப் போகிறது. கோஷ்டித் தலைவனுக்கும் தலைமை நடனக்காரிக்கும் மனத்தாங்கலும் காதலும். நம் ஊர்ப் படங்களில் பார்க்காததா? ஆனால் நடனம் இருக்கிறதே, அதைச் சொல்லியே தீர வேண்டும். கர்னக் கோயிலில் 134 கல் தூண்கள் காடு போல் நிற்கும் பெரிய மண்டபம் ஒன்று உண்டு. அப்பேர்ப்பட்ட கோயிலிலே வாலிபர்களும் பெண்களுமாக ஆடினால் எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

வத்தக்குழம்புக்கு மணத்தக்காளி கேட்டு வந்த எதிர் வீட்டு மாமி, கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றவள், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மாமிக்கு எழுபத்தெட்டு வயது. கண்ணாடி இல்லாமல் பஞ்சாங்கம் படிப்பாள். அரை மணி நேரம் வாய் பேசாமல் பார்த்தாள். அப்புறம் கேட்டாளே ஒரு கேள்வி!

"ஏண்டி, பொம்மனாட்டிகள் எல்லாம் இடுப்பை அழகா ஆட்டறா. ஆம்பிளைகள் குதிக்கறா, சுத்தறா, கம்பை வீசறா. ஒருத்தனாவது இடுப்பை அசைக்கறானோ பாரு! யாரோ இவாகிட்டே 'அசைக்கப்படாது'ன்னு சொல்லி வெச்சிருக்கா."

பையன் திடுக்கிட்டு மாமியைப் பார்த்தான். "பாட்டி, இதைக் கண்டுபிடிக்க பெரிய பெரிய ஆராய்ச்சிக்காரர்கள் புஸ்தகம் எழுதியிருக்கிறார்கள்!" என்றான்.

யார் சொல்லி வைத்தார்கள்? இந்தக் கேள்வி எனக்கும் தூக்கத்தைக் கெடுத்தது. பையன் விட்டுப் போன புத்தகங்களையும், நானே தேடிப் படித்தவற்றையும் வைத்துக்கொண்டு உங்களுக்குச் சொல்கிறேன்.

நூற்றெண்பது, இருநூறு வருஷங்களுக்கு முந்திய கெய்ரோ நகரத்துக்குப் போவோம். எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர் அங்கே அரபு மொழி கற்றுக்கொண்டு, அந்த ஊர்க்காரர்களைப் போலவே உடுத்திக்கொண்டு, வருஷக்கணக்கில் வாசம் செய்தார். எகிப்தியர்களின் பழக்க வழக்கங்களைப் பற்றி 1836-ல் அவர் வெளியிட்ட புத்தகத்தை இன்றும் படிக்கிறார்கள். நம் பாட்டிமார்களைப் போல் ஒன்று விடாமல் கவனிக்கிற கண் அவருக்கு. அந்தக் காலத்தில் தெருவிலும் முற்றத்திலும் ஆடிப் பிழைத்த பெண்களுக்குக் 'கவாஸி' என்று பெயர். அதே நடனத்தை, அதே தாளக் கிண்ணங்களை விரலில் மாட்டிக்கொண்டு ஆடிய ஆண்களும் இருந்தார்கள். அவர்களுக்குக் 'கவல்' என்று பெயர். உடம்பை ஒட்டிய சட்டை, இடுப்பில் கச்சை, கீழே ஒரு மாதிரியான பாவாடை, நீளமாக வளர்த்துப் பின்னிய தலைமயிர், கண்ணுக்கு மை, கைக்கு மருதாணி. பாதி ஆண் உடை, பாதி பெண் உடை. தெருவில் நடக்கும்போது முகத்திரைகூடப் போட்டுக்கொள்வார்களாம். வெட்கத்தினால் அல்ல, பெண்களின் பாவனையைக் கைவிட மனமில்லாமல்.

கல்யாணமா, குழந்தை பிறந்ததா, சுன்னத்துச் சடங்கா, கூப்பிடு கவலை! பெண் ஆட்டக்காரிகளை விட்டுவிட்டு இவர்களைக் கூப்பிட்ட குடும்பங்கள் அநேகம் என்கிறார் லேன். காரணம்தான் விசேஷம். நடனத்தில் அந்தக் குடும்பங்களுக்கு ஒரு குற்றமும் தெரியவில்லை. ஒரு பெண்பிள்ளை முகத்தைக் காட்டிக்கொண்டு நாலு பேர் நடுவில் நிற்கிறாளே, அதுதான் தப்பு. ஆகவே அதே நடனத்தை ஓர் ஆண்பிள்ளை ஆடட்டும், மானம் தப்பித்தது! அன்றைக்குக் கௌரவமான ஏற்பாடு, ஆண் இடுப்பை ஆட்டுவது. கேட்டீர்களா வேடிக்கையை?

1834-ல் எகிப்தை ஆண்ட முகம்மது அலி பாஷா, ஆட்டக்காரப் பெண்கள் கெய்ரோவில் ஆடக் கூடாது என்று உத்தரவு போட்டார். பெண்கள் தெற்கே கெனா, எஸ்னா, அஸ்வான் என்று நைல் நதியின் மேல்பக்கத்து ஊர்களுக்குத் துரத்தப்பட்டார்கள். அப்புறம் தலைநகரத்தில் ஆட்டம் பார்க்க வேண்டுமானால் ஆண்களின் ஆட்டம்தான். 1843-ல் கெய்ரோவுக்கு வந்த ழெரார் தெ நெர்வால் என்ற பிரெஞ்சுக் கவிஞர் ஒரு காப்பிக் கடையில் ஆட்டக்காரிகளைக் கண்டு சொக்கிப் போய்விட்டார். நெற்றியில் தங்கக் காசை ஒட்டிக் கௌரவிப்பது அவ்வூர் வழக்கமாயிற்றே என்று பர்ஸைத் திறக்கும் சமயத்தில் உற்றுப் பார்த்தால், 'ஆட்டக்காரி'யின் முகவாயில் சில நாள் தாடி! கவிஞருக்கு வந்த கோபத்தில் காசு பர்ஸுக்குள்ளேயே திரும்பிப் போய்விட்டது. ஆடியவரின் கால் மாறவில்லை, தாளம் மாறவில்லை. காசு மட்டும் ஏன் திரும்பியது? கவிஞரைத்தான் கேட்க வேண்டும்.

அவருக்கு ஏழு வருஷம் கழித்து அங்கே இருந்த பிரெஞ்சு நாவலாசிரியர் பிளாபேர் அப்படிக் கோபித்துக்கொள்ளவில்லை. ஹஸன் அல் பில்பெய்ஸி என்ற ஆண் ஆட்டக்காரரைப் பார்த்துவிட்டு, வியந்து வியந்து தம் நண்பருக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தில் மற்ற விஷயங்களும் உண்டு. குடும்பப் பத்திரிகையில் அதையெல்லாம் எழுத முடியாது, விட்டுவிடுங்கள். ஆனால் ஒரு தெரு ஆட்டக்காரரின் பெயர் நூற்றெழுபது வருஷங்களுக்கு மேல் அழியாமல் நின்றிருக்கிறதே, அதை நினைத்துப் பார்த்தேன். மற்ற கவல்களின் பெயர்களெல்லாம் எங்கே போயின?

பெயர்கள் போனது மட்டுமல்ல. தொழிலின் பெயரே கெட்டுப்போய்விட்டது. ஐரோப்பியப் பிரயாணிகள் வரவர அதிகமானார்கள். 1882-ல் பிரிட்டிஷ் பட்டாளமே வந்து உட்கார்ந்துகொண்டது. பெண் உடையில் ஆடும் ஆண்களைக் கண்டு வெள்ளைக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள், எழுதினார்கள், சிரித்தார்கள். படித்த எகிப்தியர்களுக்குச் சங்கோசம் பிடித்துக்கொண்டது. விருந்தாளி மூக்கைச் சுளித்தால் வீட்டுக்காரி, தான் இத்தனை நாள் ருசித்துச் சாப்பிட்ட பண்டத்தை அவசரமாக உள்ளே எடுத்து வைப்பாளே, அந்த மாதிரி. இருபதாம் நூற்றாண்டில் பதியா மஸாப்னி அம்மாள் 1926-ல் கெய்ரோவில் தம் நடன அரங்கத்தைத் திறந்து, தஹியா கரியோகா, ஸாமியா கமால் போன்ற நட்சத்திரங்களை உலகுக்குக் கொடுத்தபோது, மேடையில் இடுப்பு பெண்ணுக்கே சொந்தம் என்றாகிவிட்டது. 'கவல்' என்ற சொல் இன்று அங்கே ஒரு வசவு. பெண்தன்மை உள்ள ஆணைத் தெருவில் கேவலப்படுத்த வேண்டுமானால் அந்தச் சொல்லைத்தான் வீசி எறிகிறார்கள். ஒரு காலத்தில் கல்யாண வீட்டுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தாற்போல் அழைத்த பெயர்!

இனி நம் படத்துக்கு வருவோம். அதில் கோஷ்டித் தலைவனாக வருபவர் மஹ்மூத் ரெடா. நிஜ வாழ்க்கையிலும் அவரேதான் கோஷ்டித் தலைவர். 1930-ல் பிறந்தவர். முதலில் ஜிம்னாஸ்டிக் வீரர். 1952-ல் ஹெல்ஸிங்கி ஒலிம்பிக்கில் எகிப்தின் சார்பில் கலந்துகொண்டவர். ஹாலிவுட் படங்களில் ஜீன் கெல்லியும் பிரெட் அஸ்டேரும் ஆடுவதைப் பார்த்துப் பார்த்து மோகம் கொண்டவர். அண்ணன் அலி ரெடாவுக்கும் அதே பைத்தியம். இந்தப் படத்தை டைரக்ட் செய்தவரும் அந்த அண்ணன்தான்.

அந்தக் காலத்தில் எகிப்தில் 'நடனம்' என்றால் இரவு விடுதி, குடி, கெட்ட பெயர். நல்ல குடும்பத்துப் பெண்ணையும் பையனையும் டிக்கெட் வாங்கிய ஜனங்கள் முன்னால் ஆட விடுவது எப்படி? இதற்கு வழி செய்தவர் ஒரு தகப்பனார். படத்தின் கதாநாயகி பரீதா பஹ்மியின் தந்தை ஹஸன் பஹ்மி, கெய்ரோ சர்வகலாசாலையில் என்ஜினீயரிங் பேராசிரியர். தாயார் ஆங்கிலேய மாது. பெரியவரே முன்வந்து, "என் பெண் ஆடுவாள்" என்று தம் பெயரையும் கௌரவத்தையும் பந்தயம் வைத்தார். 1959-ல் ரெடா கோஷ்டி பிறந்தபோது பரீதாவுக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. மஹ்மூதின் மனைவி நதீதா, பரீதாவின் அக்காள்; கோஷ்டி தலையெடுத்த சமயத்திலேயே சிறு வயதில் காலமாகிவிட்டாள். பிற்பாடு அலி ரெடா பரீதாவைக் கல்யாணம் செய்துகொண்டார். ஆக, கோஷ்டி என்பதைவிட ஒரு குடும்பம் என்றே சொல்லலாம். ஊர் வாயை அடைத்ததே அந்தக் குடும்பம் என்ற சொல்தான்.

நாஸர் ஆட்சியில் புது எகிப்து. பட்டிக்காட்டுக் கலைக்கெல்லாம் திடீரென்று மவுசு. 1961-ல் அரசாங்கமே கோஷ்டியை ஏற்றுக்கொண்டது. சம்பளம், மேடை, வெளிநாட்டுப் பிரயாணம். மஹ்மூத் ரெடா ஊர் ஊராகச் சென்று, ஜனங்கள் எப்படி ஆடுகிறார்கள் என்று பார்த்து வந்தார். ஆனால் பார்த்ததை அப்படியே மேடையில் ஏற்றவில்லை. சலித்தார், புடைத்தார், பூ வைத்தார். பெண்களின் ஆட்டத்தில் இடுப்பு இருக்கட்டும். ஆனால் வயிறு தெரியாத நீண்ட அங்கி. ஆண்களுக்கோ கம்பு, துள்ளல், நிமிர்ந்த மார்பு, உறுதியான கால். இடுப்புக்கு அங்கே வேலையே இல்லை.

மாமி கண்டுபிடித்தது இதைத்தான். நடன அமைப்பாளரும் ஆராய்ச்சியாளருமான ஆண்டனி ஷே என்ற அமெரிக்கர் இதை விரிவாக எழுதியிருக்கிறார். கிராமத்துக் கல்யாணத்தில் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆடிக்கொண்டிருக்க, மேடைக்கு வந்ததும் ஆணுக்கு ஓர் ஆட்டம், பெண்ணுக்கு ஓர் ஆட்டம் என்று பிரித்துவிட்டார்கள் என்பது அவர் கட்சி. கவல்களின் ஞாபகமே வரக் கூடாது என்ற ஜாக்கிரதை அது.

நான் மஹ்மூத் ரெடாவைக் குறை சொல்லப் போவதில்லை. அன்றைய நிலைமையில் ஆண்களை இடுப்பை ஆட்டச் செய்திருந்தால் திரை விலகிய மறு நிமிஷமே கல் பறந்திருக்கும். பேராசிரியர் வீட்டுப் பெண்ணும் மேடை ஏறியிருக்க மாட்டாள். ஒரு கதவைத் திறப்பதற்காக இன்னொரு கதவைச் சாத்தினார். சாத்திய கதவுக்குப் பின்னால் நின்றவர்களுக்குத்தான் கஷ்டம். இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. பிற்காலத்தில் அவர் அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் என்று சென்று நடன வகுப்புகள் நடத்தினார். பெண்களுக்கான அசைவுகளை அவரேதானே ஆடிக் காட்ட வேண்டும்! மேடையில் தாம் அசைக்காத இடுப்பை வகுப்பில் அசைத்துக் காட்டி, எத்தனையோ பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தார். 2020 ஜூலையில், தொண்ணூறாவது வயதில் காலமானார்.

கம்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தென் எகிப்தில் 'தஹ்தீப்' என்று ஒரு கம்பு விளையாட்டு. பழைய காலத்துக் கல்லறைச் சுவர்களில்கூட அந்தச் சண்டையின் சித்திரங்கள் இருக்கின்றன. மேளமும் நாயனம் போன்ற 'மிஸ்மார்' வாத்தியமும் முழங்க, இரண்டு பேர் கம்பைச் சுழற்றி ஒருவரையொருவர் வட்டமிடுவார்கள். 2016-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்துவிட்டது. கம்பு கையில் இருந்தால் ஆண் எவ்வளவு வேண்டுமானாலும் ஆடலாம்; கேட்பாரில்லை. இதைப் பார்த்த பெண்கள் சும்மா இருந்தார்களா? மெல்லிய கம்பு ஒன்றை எடுத்துத் தலையில் வைத்தும் தோளில் சாய்த்தும் விரலில் சுழற்றியும், ஆண்களின் வீராப்பைக் கொஞ்சம் கேலி செய்து, தங்களுக்கென்று ஒரு கம்பு நடனமே பண்ணிக்கொண்டுவிட்டார்கள். பெண் ஆணின் கம்பைக் கடன் வாங்கினால் சமர்த்து. ஆண் பெண்ணின் அசைவைக் கடன் வாங்கினால் அவமானம். இந்தக் கணக்கு எனக்குப் புரியவே இல்லை.

பாவாடை என்றால் ஆணுக்கு ஆகாது என்று நினைக்கிறீர்களா? அதுவும் இல்லை. கெய்ரோவில் கூரி சுல்தானின் பெயரால் விளங்கும் பழைய கட்டடத்தில் 'தன்னூரா' என்ற ஆட்டம் நடக்கும். தன்னூரா என்றால் பாவாடை என்றே அர்த்தம். கனமான வண்ணப் பாவாடைகளைக் கட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே பம்பரம் போல் சுற்றிக்கொண்டே இருப்பார் ஓர் ஆண். ஒரு பாவாடையைச் சுற்றியபடியே கழற்றித் தலைக்கு மேல் குடை போல் விரிப்பார். பார்ப்பவர்களுக்குத் தலை சுற்றும், அவருக்குச் சுற்றாது. ஸூபி ஞானிகளின் வழியில் வந்த ஆட்டம் என்பதால் அதற்கு மரியாதை. சாமி பெயர் இருந்தால் பாவாடை பரவாயில்லை!

சிரிப்புக்காக என்றாலும் பரவாயில்லை. இஸ்மாயில் யாஸீன் என்ற பிரபல ஹாஸ்ய நடிகர் 1954-ல் 'மிஸ் ஹனபி' என்ற படத்தில் பெண்ணாகவே மாறிப்போனார். 1960-ல் 'ஸுக்கர் ஹானம்' படத்தில் அப்துல் முனீம் இப்ராஹீம் அத்தையம்மாள் வேஷம் கட்டினார். தேசமே விழுந்து விழுந்து சிரித்தது. சிரிக்காமல், அழகுக்காக, மனப்பூர்வமாக ஓர் ஆண் ஆடினால்தான் வம்பு.

இத்தனைக்கும் எகிப்திய வீடுகளில் ஆடாத ஆண்பிள்ளை உண்டா? குழந்தைகள் ஆட்டத்தை வாத்தியாரிடமா கற்கிறார்கள்? அம்மாவும் சித்தியும் அத்தையும் கூடத்தில் ஆடுவதைப் பார்த்து, பெண் குழந்தை, ஆண் குழந்தை இரண்டுமே கற்றுக்கொள்கின்றன. நாலு வயதுப் பையன் இடுப்பை ஒடித்தால் எல்லோரும் கைதட்டி முத்தம் கொடுப்பார்கள். மாப்பிள்ளை ஊர்வலத்தில் சிநேகிதர்கள் குதூகலமாக ஆடுவார்கள். ஒருவன் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆடினாலும் யாரும் முறைக்க மாட்டார்கள். சந்தோஷத்துக்கு ஆடலாம். காசுக்கு ஆடினால், மேடை போட்டு 'இது என் தொழில்' என்று ஆடினால், முகம் மாறிவிடும். பெண்களுக்கும் அங்கே அதே கதிதான். ஆண்களுக்கு ஒரு பங்கு கூடுதல். பெண்ணைக் 'கெட்டவள்' என்பார்கள். ஆணை 'ஆணே இல்லை' என்றுவிடுவார்கள்.

அப்படியும் ஆடுகிறவர்கள் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். செங்கடல் கரையில் ஷர்ம் அல் ஷேக் என்ற உல்லாச ஊரின் ஹோட்டல்களில் ஆடிப் பெயர் வாங்கியவர் டீட்டோ ஸைப். பெண் வேஷம் கிடையாது. கிராமத்தார் போடும் நீண்ட அங்கிதான். ஆனால் இடுப்பு இருக்கிறதே, தபலாவின் ஒவ்வொரு தட்டுக்கும் பதில் சொல்லும். வெளிநாடுகளில் அவரிடம் கற்றுக்கொள்ளப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். நியூயார்க்கில் இப்ராஹீம் பர்ரா என்ற லெபனான் வம்சத்தவர், 1998-ல் காலமாகும் வரை இந்த நடனத்துக்கு ஆசிரியராகவும் பத்திரிகாசிரியராகவும் இருந்தார். பக்கத்துத் தேசத்தில், பேரூத் நகரத்தில், அலெக்ஸாந்தர் பவுலிகேவிச் என்பவர் ஆடுகிறார். தெருவில் நடந்து போகும்போது தம்மீது வீசப்பட்ட ஏச்சையும் பேச்சையுமே ஒரு நடனமாக்கி மேடையில் ஆடியவர் அவர்.

இவ்வளவும் படித்த பிறகுதான் எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பையனுக்கு எகிப்து நடனத்தில் இத்தனை அக்கறை எதற்கு? போனில் கூப்பிட்டுக் கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு சொன்னான்: "ஒன்றரை வருஷமாகக் கற்றுக்கொள்கிறேன், அத்தை. சனிக்கிழமை தோறும். வகுப்பில் பதினான்கு பெண்கள், நான் ஒருத்தன். ஜிம்முக்குப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குப் படம் போட்டதே உன் முகத்தைப் பார்க்கத்தான்."

எனக்குச் சுருக்கென்றது. என் முகம் அன்று எப்படி இருந்ததோ! படம் பார்த்த சுவாரசியத்தில் பையனை நான் பார்க்கவே இல்லை. பார்த்தது மாமிதான் போலிருக்கிறது. "அவன் பாதம் நாற்காலிக்குக் கீழே தாளம் போட்டுண்டே இருந்துதே, நீ கவனிக்கலையோ?" என்று மறுநாள் கேட்டாள்.

என் தம்பி நல்லவன். ஆனால் ஊருக்குப் பயந்தவன். பையனுக்கு எட்டு வயதில், நவராத்திரிக்குப் பெண் குழந்தைகளோடு சேர்ந்து கும்மியடித்தான் என்று காதைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனவன். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பையனுக்கும் இருக்கும்.

இந்த வெள்ளிக்கிழமை பையன் மறுபடி வந்தான். தகப்பனார் எதிரில் உட்கார்ந்து, தானே சொன்னான். நானும் மாமியும் சமையலறை வாசலில் நின்றோம். (இதை எழுதலாமா என்று இருவரையும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.) தம்பி வெகுநேரம் பேசவில்லை. மேஜை மேல் இருந்த பேப்பரை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். கடைசியில் கேட்டான்:

"இது கம்பு வைத்துக்கொண்டு ஆடுவதா, கம்பு இல்லாமலா?"

"இரண்டும்தான், அப்பா."

"ஊரில் யாருக்காவது தெரியுமா?"

"மார்ச் மாதம் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. அப்போது தெரிந்துவிடும்."

தம்பி பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டான். கோபித்துக்கொண்டு போகிறானோ என்று நான் பதறினேன். வாசற்படியில் நின்று, திரும்பிப் பார்க்காமலே கேட்டான்: "எத்தனையாம் தேதி?"

பையன் தேதியைச் சொன்னான். தம்பி கேட்டைத் திறந்துகொண்டு வெளியே போனான். மாமி மட்டும் மெதுவாக என் காதில், "டிக்கெட் உண்டோ, சும்மா விடுவாளோ, கேளு" என்றாள்.